ஹாரர் படம் எது என்று பிரிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

பேய் இருந்தால் ஹாரர், இல்லையென்றால் த்ரில்லர். நம்மில் பலர் இப்படித்தான் பிரிக்கிறோம், முதல் தவறே இதுதான்.

சந்திரமுகியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் வந்ததிலிருந்து அதைப் பேய்ப்படம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள், ஆனால் கதையில் பேயே கிடையாது, இதற்கெல்லாம் மூலமான 1993 மலையாளப் படம் மணிச்சித்திரத்தாழிலும் கிடையாது. கங்காவுக்கு (ஜோதிகா) வந்திருப்பது மனநோய் என்று மனநல மருத்துவராக வரும் ரஜினி விலாவாரியாக விளக்குகிறார். (அந்தப் பெரிய பாம்பு எதற்கு வந்தது என்பதை மட்டும் கடைசிவரை யாரும் விளக்கவில்லை.) சரி, பேய் இல்லாததால் ஹாரரும் இல்லை என்று சொல்லிவிடலாமா? வெளியே போக வேண்டாம் என்று கணவன் சொன்னதும் ஜோதிகாவின் கண்ணும் குரலும் மாறி, கட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்பாரே, அந்த இடம் அசல் ஹாரர். அப்புறம் வடிவேலு வருகிறார், பாட்டு வருகிறது, பயம் போய்விடுகிறது. படம் முழுக்க ஒரே வகையில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

காஞ்சனா (2011) இதற்கு நேர் எதிர். அதில் பேய் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் ஃப்ளாஷ்பேக்கில் சரத்குமார் வந்து, வில்லன் அவருடைய நிலத்தை அபகரித்து அவரைக் கொன்றதால்தான் அவர் பேயானார் என்ற கதை தெரிந்த பிறகு, பேயைப் பார்த்து யார் பயந்தார்கள்? வில்லனை எப்போது அடிக்கும் என்றுதானே காத்திருந்தோம். நம் பேய்ப்படங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்: இடைவேளைக்கு முன்னால் பயமுறுத்திய பேய், ஃப்ளாஷ்பேக் முடிந்ததும் நம்ம ஆளாகிவிடும், படம் பழிவாங்கும் கதையாகிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த வகையே தனி. அதை ஹாரர் என்று நம்பிப் போய் உட்கார்ந்துவிட்டு, பயமே வரவில்லை என்று திட்டுவதுதான் தப்பு.

அடுத்தது, முடிவை வைத்துத் தீர்ப்பு சொல்வது. (பீட்சா பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) 2012-ல் வந்த அந்தப் படத்தில் விஜய் சேதுபதி ஒரு டார்ச்சோடு இருட்டு பங்களாவுக்குள் தனியாக மாட்டிக்கொண்டு அலைகிறார், வெளிச்சம் விழும் அந்தச் சின்ன வட்டத்தைத் தவிர நமக்கும் எதுவும் தெரியாது. பிறகு பார்த்தால், வைரத்தை அமுக்குவதற்காக அவரே கட்டிய கதை அது. உடனே சிலர் ‘அப்போ இது ஹாரர் இல்லை, திருட்டுக் கதை’ என்கிறார்கள். கதை பொய்தான், ஆனால் சீட்டு நுனியில் உட்கார்ந்து நாம் பட்ட பயம் பொய்யா என்ன?

கொலை, ரத்தம் என்றாலே ஹாரர் என்பதும் சரியல்ல. ராட்சசனில் (2018) பெட்டிக்குள் இருக்கும் பொம்மை முகம் தூக்கத்தைக் கெடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் படத்தை நகர்த்துவது ‘கொலைகாரன் யார், அடுத்த பெண்ணைக் காப்பாற்ற முடியுமா’ என்ற போலீஸ் விசாரணை. என் கணக்கில் அது த்ரில்லர், எல்லையில் நிற்கும் த்ரில்லர்.

இன்னொன்று எனக்கு எரிச்சலூட்டுவது. படம் நன்றாக இருந்துவிட்டால் அதை ஹாரர் என்று சொல்லவே கூச்சப்படுவது. தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ் (1991) சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது, அதனாலேயோ என்னவோ அதைச் சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்று கௌரவமாகச் சொல்பவர்கள் ஏராளம். கெட் அவுட் (2017) கோல்டன் குளோபில் இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் போட்டியிட்டது! கறுப்பின மனிதர்களின் உடலை அபகரிக்கும் கதை அது.

பெயர் எதுவானாலும் போகட்டும் என்று விடலாம்தான், ஆனால் அடுத்தவருக்குப் படம் சொல்லும்போது இது முக்கியம். ‘அரண்மனை மாதிரி ஒரு ஹாரர் சொல்லுங்க, பசங்களோட பார்க்கணும்’ என்று கேட்பவரிடம் சித்தார்த் நடித்த அவள் படத்தைச் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.