முகத்துவாரப் பிரச்சினைக்கு ஐரிஷ் ஜிக் மெட்டில் பாட்டுக் கட்டுவது

மட்டக்களப்பில் மாரி வெள்ளம் ஏறினால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணலை வெட்டித் திறப்பதா, பொறுப்பதா என்ற பேச்சு வந்துவிடும். வயல்காரருக்கு ஒரு நியாயம், வாவியில் வலை வீசுகிறவருக்கு வேறொன்று. ஐரிஷ் ஊர்ப்பாட்டுக்கு இப்படியான விஷயம்தான் தோது.

முதலில் மெட்டு. ஜிக் என்பது ஐரிஷ் ஆட்ட மெட்டு, 6/8 தாளம். 'தகிட தகிட' என்று தட்டினால் ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று. முதல் பகுதி 8 பார், இரண்டு தரம். இரண்டாம் பகுதியும் அப்படியே. மொத்தம் 32. ஒவ்வொரு 'த'விலும் அழுத்துங்கள். ஆறையும் ஒரே பலத்தில் அடித்தால் ஆட்டமே இருக்காது.

பிறகு சொல். நாலு வரி, இரண்டாவதும் நாலாவதும் இயைய வேண்டும். நம்மட நாட்டார் கவி பாடிப் பழகியவருக்கு இது பெரிய வேலையில்லை. சிக்கல் நெடிலில்தான். 'வாவி பெருக' ஆறு மாத்திரை, ஒரு பாருக்கு அச்சொட்டு. அதையே 'பெருகும் வாவி' என்று திருப்பினால் 'ம்' இடறும். நெடிலை 'த'வில் வையுங்கள். 'கி'யில் விழுந்தால் சொல் இழுபடும்.

டி விசில் (டி சுருதியில் உள்ள சின்ன ஐரிஷ் தகரக் குழல்) இருந்தால் ஆறு துளையும் மூடி மெதுவாக ஊத டி என்ற சுரம் வரும். கீச்சிட்டால் ஊதல் கூடிவிட்டது, அல்லது ஒரு விரல் துளையைச் சரியாக மூடவில்லை.

இரு தரப்புக்கும் ஒவ்வொரு கவி கொடுங்கள். அதிகாரிகளைத் திட்ட இரண்டு வரி போதும்.