பெயர்ச் சங்கிலியை நிறுத்திய நாள்

மட்டக்களப்பில் நான் கற்பிக்கும் தரம் 6 வகுப்பில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்தும் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்தும் வந்த பிள்ளைகள் முதல் நாளே தனித்தனி வரிசைகளில் அமர்ந்துகொண்டார்கள். வட்டமாக நிற்கவைத்து, தனக்கு முன் நின்றோரின் பெயர்களையெல்லாம் சொல்லித் தன் பெயரையும் சேர்க்கும் விளையாட்டை நடத்தினேன். 12ஆவதாக நின்ற கொக்கட்டிச்சோலைச் சிறுமி பெயர்களை மறந்து அழுதுவிட்டாள். நினைவாற்றலைச் சோதிப்பது அறிமுகம் ஆகாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள், இரு கரைகளிலிருந்தும் ஒவ்வொருவராக இணைசேர்த்து, 5 நிமிடம் பேசவிட்டு, தன்னையல்ல, தன் இணையையே வகுப்புக்கு அறிமுகப்படுத்தச் சொன்னேன். "இவட வீட்ட எருமை இருக்கு, இவவுக்குப் பால் கறக்கவும் தெரியும்" என்று முதல் நாள் அழுதவளைப் பற்றிக் கல்லடிச் சிறுமி பெருமையோடு கூறியபோது, கேள்வி கேட்கப் பல கைகள் உயர்ந்தன. இடைவேளை மணி அடித்தும் அவர்கள் இருவரும் தாங்கள் அமர்ந்திருந்த வாங்கிலிருந்து எழவில்லை.