ஏடிவி பின் ஸ்விங் ஆர்ம்: புதுப் பேரிங் சீக்கிரம் போவதற்குக் காரணமான தவறுகள்

மலேசியாவின் கெமென்சா, உலு லங்காட் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஓடும் ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி, ஆற்றில் இறங்கி ஏறும், செம்மண் சேற்றில் புரளும், திரும்பி வந்ததும் வாட்டர் ஜெட்டில் குளிக்கும். இந்த மூன்றின் அடியும் விழுவது ஸ்விங் ஆர்மின் (பின் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) ஊசி பேரிங்குகள் (மெல்லிய உருளைகள் கொண்டவை) மேல்தான். அவை தேய்வதில் வியப்பில்லை. ஆனால் புதிதாகப் போட்டது சில மாதத்திலேயே மறுபடி ஆடினால், குறை பெரும்பாலும் பேரிங்கில் இல்லை. போட்ட விதத்தில்தான் இருக்கிறது. இங்கே சொல்வது செயினில் ஓடும், ஒரே பின் ஆக்சில் கொண்ட ஸ்போர்ட் வகை வண்டிகளுக்கு: யமஹா ராப்டர் 700, சுஸூகி எல்டி-இசட்400 போன்றவை.

முதல் தவறு, எது ஆடுகிறது என்று பார்க்காமலே கழற்றத் தொடங்குவது. பிரேமுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துப் பின்சக்கரங்களைத் தூக்குங்கள். ஸ்விங் ஆர்மின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமும் தள்ளுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பிவட் பேரிங், அதாவது ஆர்ம் பிரேமில் மாட்டி ஆடும் அச்சில் உள்ளது. ஆக்சிலை மெதுவாக மேலே தூக்கும்போது, ஷாக் அசைவதற்கு முன்பே ‘டக்’ என்றால் லிங்கேஜ் (ஷாக்கை ஆர்மோடு இணைக்கும் இணைப்புகள்) பேரிங் அல்லது ஷாக்கின் முனை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இரண்டு சக்கரமும் ஆக்சிலோடு சேர்ந்தே ஆடினால் ஆக்சில் ஹவுசிங் பேரிங். ஒரு சக்கரம் மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்து ஹப். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாததால்தான் நல்ல பேரிங்கைப் பிடுங்கிவிட்டுப் பழுதானதை விட்டுவைக்கிறார்கள்.

பிவட் போல்ட் துருவேறி இறுகியிருந்தால் முனையில் சுத்தியால் அடிக்காதீர்கள். மரை சிதைந்தால் போல்ட்டும் போயிற்று. துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே இரண்டு பக்கமும் விடுங்கள். மறுநாள் நட்டைப் போல்ட் முனைக்குச் சமமாக வரும்வரை திருப்பி வைத்து, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ஹோசில் தொங்கவிடாமல் கம்பியால் பிரேமில் கட்டுங்கள்.

இனி, எல்லாவற்றையும் விட அதிகம் நடக்கும் தவறு: பேரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, அதன் உள்ளே போல்ட் நுழையும் குழாயான பழைய காலரையே திரும்பப் போடுவது. ஊசி பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது. ஊசிகள் உருள்வது அந்த எஃகுக் காலரின் மேல்தான். அதுதான் பேரிங்கின் மறுபாதி. காலரைத் துடைத்துவிட்டு நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். வரிவரியாக நகம் மாட்டினாலோ, துருப் புள்ளி பள்ளமாக இருந்தாலோ, அதன் மேல் ஓடும் புது ஊசிகள் சீக்கிரமே உரிந்துவிடும். காலரின் நீளமும் முக்கியம். போல்ட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் காலர் வழியாகப் போக வேண்டும். முனை தேய்ந்து காலர் குட்டையானால் ஸ்விங் ஆர்மே நெரிபடும். எனவே பேரிங், காலர், தண்ணீரைத் தடுக்கும் சீல், பக்கவாட்டு வாஷர் நான்கையும் ஒரே செட்டாக வாங்குவதுதான் சரி. பணம் இடித்தால் வேலையை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், பாதி செட் போடாதீர்கள்.

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் பேரிங் கடைக்குப் போய் அளவு மட்டும் சொல்லி வாங்குபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. எச்கே2020 என்ற பேரிங் எண் என்றால் 20 மில்லிமீட்டர் தண்டு, 26 வெளிவிட்டம், 20 அகலம். அளவு கச்சிதமாகப் பொருந்தலாம். ஆனால் அதில் ஊசிகளுக்கு இடையே கூண்டு இருக்கும். ஸ்விங் ஆர்மில் பல வண்டிகளுக்குக் கூண்டில்லாமல் ஊசிகள் நெருக்கி அடுக்கிய வகைதான் வரும். வேகமாகச் சுழலாமல், சிறிய கோணத்தில் ஆடிக்கொண்டே பெரிய எடையைத் தாங்கும் இடம் அது. ஊசி எண்ணிக்கை கூடினால்தான் தாங்கும். பழையதைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் வெர்னியரால் ஒரு அளவு எடுங்கள்: பாஸின் (ஆர்மில் பேரிங் உட்காரும் துளைப் பகுதி) விளிம்பிலிருந்து பேரிங் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று. எழுதி வையுங்கள். இதை மறந்தால், பிறகு ஊகத்தில் போட்டு சீலுக்கு இடமில்லாமல் போகும். அல்லது பேரிங் கிரீஸ் துளையை மூடிவிடும்.

சுத்தியால் அடித்து ஏற்றுவதைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். இந்தப் பேரிங்கின் வெளிக்கூடு மெல்லிய தகடு. ஓர் அடி கோணலாக விழுந்தால் நசுங்கி ஊசிகள் சிக்கும். அச்சுப்பிரஸ் இல்லாவிட்டால் நல்ல எஃகு எம்12 மரைக்கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், இரண்டு சாக்கெட் போதும். ஒரு சாக்கெட் பேரிங்கின் வெளிவிட்டத்தை விடக் கொஞ்சம் சிறியது, தள்ளுவதற்கு. மற்றொன்று பெரியது, வெளியே வருவதை வாங்கிக்கொள்ள. ஏற்றும்போது எழுத்துப் பொறித்த முகம் வெளிப்பக்கம், அதாவது தள்ளும் சாக்கெட்டைப் பார்த்து இருக்கட்டும். அந்த முகம்தான் கெட்டியானது. புதுப் பேரிங்கை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். அலுமினிய ஆர்மாக இருந்தால் சீலையும் பழைய கிரீசையும் எடுத்தபின் ஹீட் கன்னால் சூடாக்குங்கள்; தண்ணீர்த் துளி பட்டதும் ‘சுர்’ என்றால் போதும். கேஸ் டார்ச் வேண்டாம், அலுமினியத்தின் வலுவைக் கெடுக்கும்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சம் பிடிப்பதும் தவறுதான். வேகமாகச் சுழலும் பேரிங்கில் நிறைத்தால் சூடேறும். இங்கே சுழற்சியே இல்லை, எனவே ஊசிகளுக்கு நடுவே நன்றாக நிறையுங்கள். தண்ணீர் புக இடமிருக்கக் கூடாது. தண்ணீரில் கழுவிப் போகாத கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் நம் ஊர் மழைக்கு ஏற்றது. பழைய கிரீசைச் சுத்தமாகத் துடைத்த பிறகே போடுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் இளகி ஓடிவிடும்.

இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் புத்தகம் பார்க்காமல் கை உணர்வில் இறுக்காதீர்கள். அலகையும் கவனியுங்கள். புத்தகத்தில் 100 நியூட்டன் மீட்டர் என்றிருக்க, ரெஞ்சில் 100 ஃபூட் பவுண்ட் வைத்தால் உண்மையில் 136 நியூட்டன் மீட்டர் ஏறிவிடும். ரப்பர் புஷ் உள்ள இடங்களில் மட்டும், வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது கடைசி இறுக்கம் கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும்.

செயினையும் ஷாக்கையும் மாட்டுவதற்கு முன் ஆர்மைத் தூக்கி விட்டுப் பாருங்கள். தடங்கலின்றித் தன் எடையில் கீழே இறங்க வேண்டும். பாதியில் நின்றால் சீலின் உதடு மடிந்திருக்கும், அல்லது ஒரு பேரிங் கோணலாக ஏறியிருக்கும், கழற்றித் திருத்துங்கள். பிறகு செயின். முன் பற்சக்கரம், பிவட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்சம் இறுகும். அந்த நிலையிலும் கொஞ்சம் தளர்வு மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் செயின் புதுப் பேரிங்கை முன்னால் இழுத்துத் தேய்க்கும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் பிவட் நட்டையும் லிங்கேஜ் நட்டுகளையும் ரெஞ்சால் ஒருமுறை சோதியுங்கள். கழுவும்போது ஜெட்டின் முனையைப் பிவட் சீலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அந்த இடத்துக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் தூரிகையும் போதும்.