சந்தேகமும் தாழ்மையும்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர்களுக்கும் சந்தேகம் வரும். உபவாசம் இருந்து ஜெபித்தும் அம்மா பிழைக்கவில்லை. நேர்மையாக நடந்தவருக்கு வேலை போகிறது, லஞ்சம் வாங்குகிறவர் மாடி வீடு கட்டுகிறார். கர்த்தர் நிஜமாகவே கேட்கிறாரா என்ற கேள்வி ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதை யாரிடமாவது சொன்னால் பெரும்பாலும், "உன்னைத் தாழ்த்து, எல்லாம் சரியாகிவிடும்" என்றுதான் பதில் வரும். நல்ல ஆலோசனைதான். ஆனால் அதை "கேள்வி கேட்காதே" என்று எடுத்துக்கொள்வதில்தான் பல தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, சந்தேகத்தை மறைத்துக்கொண்டு விசுவாசம் நிறைந்தவர்போல நடமாடுவது. ஜெபக்கூட்டத்தில் சத்தமாக ஆமென் சொல்லுவோம், உள்ளே ஒன்றும் இருக்காது. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வரும் தகப்பனைப் பாருங்கள். சிறுவயது முதல் மகனை அசுத்த ஆவி பிடித்து வதைத்தது. தீயிலும் தண்ணீரிலும் விழுந்து சாகக் கிடந்திருக்கிறான். சீஷர்களிடம் கொண்டுவந்தார், அவர்களால் முடியவில்லை. சுற்றிலும் கூட்டம், வேதபாரகரின் வாக்குவாதம் வேறு. இத்தனைக்கும் நடுவில் அவர் இயேசுவிடம், "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று இழுக்கிறார். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறார்.

இதுதான் தாழ்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தன்னிடம் இருப்பதையும் இல்லாததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூசவில்லை. விசுவாசம் முழுசாக வந்த பிறகு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவும் இல்லை; பையன் அன்றைக்கே சுகமானான். சந்தேகத்தோடு ஜெபிக்கலாமா என்று தயங்குகிறவர்கள் அந்தத் தகப்பனுடைய ஜெபத்தையே வார்த்தை மாற்றாமல் சொல்லிப் பார்க்கலாம். மனப்பாடம் செய்த பெரிய ஜெபங்களைவிட அது உண்மையாக இருக்கும்.

அடுத்தது, தேவன் எப்படிப் பதில் தர வேண்டும் என்பதையும் நாமே முடிவுசெய்வது. சீரியப் படைத்தலைவன் நாகமான் தன் குஷ்டரோகம் நீங்க வேண்டும் என்று குதிரைகளோடும் இரதத்தோடும் தீர்க்கதரிசி எலிசாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். எலிசா வெளியே வரவே இல்லை. யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணச் சொல்லி ஆள் அனுப்பினார். நாகமானுக்குக் கோபம் வந்துவிட்டது. தீர்க்கதரிசி வெளியே வருவார், நின்று தொழுவார், கையால் தடவுவார் என்று அவன் மனதில் ஒரு காட்சியே ஓடியிருக்கிறது. தமஸ்குவின் ஆறுகள் இதைவிட நல்லதல்லவா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். அவனைத் தடுத்து நிறுத்தியவர்கள் அவனுடைய ஊழியக்காரர்கள். பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்தச் சின்ன காரியத்தைச் செய்யக்கூடாதா என்று கேட்டார்கள். எஜமான் வேலைக்காரர் பேச்சைக் கேட்டு ஆற்றில் இறங்கினான், சுகமானான். நம்முடைய சந்தேகங்களில் பாதி இந்த வகைதான். "இந்த மாசத்துக்குள் விசா வந்தால் நம்புவேன்" என்று கெடு வைக்கிறோம். கெடு தாண்டினால் தேவனே இல்லை என்ற முடிவுக்குப் போய்விடுகிறோம்.

அப்புறம், சந்தேகம் வந்ததும் சபையைவிட்டு ஒதுங்கிக்கொள்வது. இயேசுவின் சீஷர் தோமாவைச் 'சந்தேகத் தோமா' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது, அவருடைய காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்னவர், எட்டு நாளுக்குப் பின்பும் அதே வீட்டில் மற்றவர்களோடுதான் இருந்தார். நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அவர்களும் துரத்தவில்லை. அங்கேதான் இயேசு வந்து நின்றார். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை பிறந்தது அந்த அறையில்தான். பிற்பாடு அவர் நம் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று சென்னைக் கிறிஸ்தவர்களின் மரபு சொல்லும்.

உடம்பும் மனசும் களைத்துப்போனதை விசுவாசக் குறைவு என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குக் கிடைத்தது பிரசங்கம் அல்ல: தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாகலாம்போல இருக்கிறது என்றால் போதகரோடு மருத்துவரையும் பாருங்கள். உதவி தேவை என்று ஒத்துக்கொள்வதும் தாழ்மைதான்.

தாழ்மையின் பெயரால் நியாயமான கேள்விகளை அடக்குவதையும் ஏற்க முடியாது. சபைக் கணக்கைக் கேட்டால், போதனையில் ஒரு பிழையைச் சுட்டினால், "அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கிறாயா" என்கிறார்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

படித்தவர்களுக்கு வரும் தடை வேறு மாதிரி. வட ஆப்பிரிக்காவில் பிறந்த, பின்னாளில் பெரிய இறையியலாளரான அகஸ்டின் இளைஞனாக வேதத்தைத் திறந்தபோது, ரோமப் பேச்சாளர் சிசரோவின் லத்தீன் அழகுக்கு முன்னால் அது மட்டமாகத் தெரிந்தது. தன் அகந்தைதான் உள்ளே நுழையவிடவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராட்டமே உலகம் என்று போதித்த மானிக்கேயர் கூட்டத்தோடு ஏறக்குறைய 9 வருஷம் இருந்தார். கேள்விகளுக்கெல்லாம் தங்கள் போதகர் ஃபாஸ்டஸ் வந்து பதில் சொல்வார் என்று அவர்கள் தவணை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஃபாஸ்டஸ் வந்தார், வானசாஸ்திரக் கேள்விகளுக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தின்மேல் அகஸ்டினுக்கு இருந்த பிடிப்பு அதோடு தளர்ந்தது, ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை அவர் மதித்தார். பிறகு மிலானில் பேராயர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்டு, 387-இல் அந்த அம்புரோஸின் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார்.

வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்கள் இந்த ஃபாஸ்டஸ் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் கேட்கும் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பதாகக் காட்டிக்கொள்வது பெரிய தவறு. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெடுத்துவிட்டார்கள். கடைசியில் கர்த்தர் கடிந்துகொண்டது அவர்களைத்தான். தன்னிடமே நேருக்கு நேர் கேள்வி கேட்டுப் புலம்பிய யோபு அவர்களுக்காக ஜெபிப்பான் என்று அவர்களிடமே சொன்னார்.