டெக்சஸ் கடுங்குளிர்: குழாய் வெடிக்காமல் வீட்டைக் காப்பது எப்படி

டெக்சஸ் வீடுகள் வெயிலை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. தண்ணீர்க் குழாய் பல வீடுகளில் அட்டிக் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) வழியாகவும் வெளிச்சுவருக்குள்ளும் ஓடுகிறது. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் - ஃபோர்ட் வொர்த்தில் குளிர் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. செல்சியஸில் மைனஸ் 19. மாநிலம் முழுக்கக் குழாய்கள் வெடித்தன. சுழற்சி முறை மின்வெட்டு என்றுதான் அறிவித்தார்கள், ஆனால் சுழலவே இல்லை. மருத்துவமனை போன்ற அவசரத் தேவை உள்ள லைன்களை விட்டுவிட்டு மற்றதை அணைத்ததில், மாற்றி மாற்றிக் கொடுக்க மின்சாரம் மிஞ்சவில்லை. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன, பல வீடுகளில் நாள்கணக்காக. எனவே கரன்ட் மூன்று நாள் இருக்காது என்று வைத்தே திட்டமிடுங்கள்.

குழாய் ஏன் வெடிக்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் பிளப்பது குறைவு. கட்டிக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, பலவீனமான இடம் கிழிகிறது. திருகைச் சற்றுத் திறந்து சொட்டவிடச் சொல்வது இதனால்தான்: அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது. காப்பு சுற்றாத அட்டிக் குழாய்க்கு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனாலே ஆபத்து.

குளிர் வருமுன் செய்ய வேண்டியதில் முதலாவது, மெயின் வால்வைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலும் தெருவோர மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தூக்கி, உள்ளே பூச்சி பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை விடுங்கள். வால்வின் தட்டையான நாக்கு குழாயின் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. கால் சுற்றுத் திருப்பிக் குறுக்கே நிறுத்தினால் மூடியாயிற்று. இதற்கான நீளச் சாவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். புயல் செய்தி வந்தபின் போனால் அலமாரி காலியாக இருக்கும்.

தோட்டத்து ஹோஸைக் கழற்றி, வெளிக்குழாய்க்கு ஃபோம் உறை மாட்டுங்கள். ஹோஸ் மாட்டியபடியே இருந்தால், உறையாத வகைக் குழாய்கூடச் சுவருக்குள் பிளக்கும். தண்ணீர் வடிய வழியில்லை. அட்டிக்கில் தெரியும் குழாய்க்கு ஃபோம் ஸ்லீவ் போட்டு, மூலைகளில் இடைவெளி விடாமல் டேப் ஒட்டுங்கள். குடிக்க ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன் சேமித்து வையுங்கள். கழிவறைக்குக் குளியல் தொட்டியை நிரப்பினால் போதும்.

குளிர் இறங்கிய இரவில், மீட்டரிலிருந்து மிகத் தொலைவான குழாயையும் வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களையும் சொட்டவிடுங்கள். வெந்நீர், குளிர்நீர் இரண்டும் சொட்ட வேண்டும். வெந்நீர்க் குழாய் உறையாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிங்க் அடியிலுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். சொட்டினால் போதும், ஓடவிட வேண்டாம். 2021-இல் ஹூஸ்டனில் ஊர் முழுக்கத் தண்ணீரின் அழுத்தமே சரிந்து, திறந்து விடாதீர்கள் என்று நகர நிர்வாகம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கரன்ட் போய் வீட்டுக்குள் வெப்பம் இறங்கிக்கொண்டே போனால் சொட்டவிடுவதை நம்பாதீர்கள், குழாய்களைக் காலி செய்யுங்கள். மெயினை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, தாழ்வான வெளிக்குழாய் வழியாக வடியவிட்டு, கழிவறைகளை ஃப்ளஷ் செய்யுங்கள். மின்சார வாட்டர் ஹீட்டரின் பிரேக்கரை அணையுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது கரன்ட் வந்தால் உள்ளிருக்கும் எலிமென்ட் கருகிவிடும். வெளிச்சுவரில் மாட்டிய தொட்டியில்லா ஹீட்டரையும் வடிக்க வேண்டும். அதன் உறைதடுப்பு மின்சாரத்தில்தான் இயங்குகிறது. நீச்சல் குளத்தின் பம்பு நின்றுபோனால், பம்பு, ஃபில்டர் இரண்டின் வடிகால் அடைப்பானையும் கழற்றுங்கள்.

குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ கேஸ் கிரில்லையோ உள்ளே கொண்டுவராதீர்கள். கராஜில் காரை ஓடவிட்டுச் சூடு காயவும் கூடாது, கதவு திறந்திருந்தாலும். அந்த வாரம் கார்பன் மோனாக்சைடு பலரைக் கொன்றது. அதற்கு வாசனை கிடையாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லையென்றால் உறைந்திருக்கிறது என்று பொருள். திருகைத் திறந்து வைத்துவிட்டு, ஹேர் டிரையரால் திருகுப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சூடாக்குங்கள். தீச்சுடர் வேண்டவே வேண்டாம். விரிசல் இருந்தால் பனி உருகும்போதுதான் கசியும். ஆகவே மெயினைச் சிறிது சிறிதாகத் திறங்கள். ஒருவர் வால்வருகே நிற்க, இன்னொருவர் உள்ளே கூரையைப் பார்க்கட்டும். கூரைப் பலகை தொப்பை போட்டால் மெயினை மூடி, அந்த அறையின் பிரேக்கரை அணைத்து, கீழே வாளி வைத்து ஸ்க்ரூடிரைவரால் சிறு துளை போடுங்கள். துளை போடாவிட்டால் மொத்தப் பலகையும் தண்ணீரோடு கீழே வரும்.

தண்ணீர் திரும்பியதும் நேராகக் குடிக்காதீர்கள். கொதிக்கவைக்கும் அறிவிப்பு நீங்கும்வரை, தளதளவென்று இரண்டு நிமிடம் கொதித்த தண்ணீரையே குடிக்கவும் பல் தேய்க்கவும் பயன்படுத்துங்கள். உடைந்த குழாய்த் துண்டையும் நனைந்த இடங்களின் படங்களையும் காப்பீட்டுக்காக எடுத்து வையுங்கள்.