விமானி பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்களா? படிவத்தை அப்புறம் திறக்கலாம்

பல்கலைக்கழக விமானிப் பயிற்சிக்கான இணையப் படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் போதும். நானும் அப்படித்தான் ஒரே இரவில் நிரப்பி, கட்டணம் கட்டி, நேர்முகத் தேர்வில் தேறி, இடமும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் மெடிக்கலுக்குப் போனேன். நிறம் பார்க்கும் பரிசோதனையில் மூன்று வண்ணப் புள்ளித் தட்டுகளில் இருந்த எண்களைத் தப்பாகப் படித்தேன். மேல்நிலைப் பரிசோதனைக்கு நாள் கிடைத்து அதில் தேறுவதற்குள் அந்த ஆண்டின் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒரு வருடம் போயிற்று, முன்பணமும் திரும்பி வரவில்லை.

அதனால் இந்தப் பதிவில் படிவம் கடைசியில்தான் வரும்.

படி 1: எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். லைசென்ஸ் கொடுப்பது அந்த நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம். இரண்டும் வேறு வேறு வாசல்கள். ஒன்றில் நுழைந்துவிட்டதால் இன்னொன்று தானாகத் திறக்காது.

படிப்பின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 'ஏவியேஷன்' என்ற சொல் இருந்தாலே பறக்கக் கற்றுத் தருவார்கள் என்று அர்த்தமில்லை. ஏவியேஷன் மேனேஜ்மென்ட் படித்தவர் காக்பிட்டில் உட்காராமலேயே பட்டம் வாங்கிவிடலாம். பறக்கக் கற்றுத் தரும் படிப்புகளிலும் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவின் எம்ப்ரி ரிடில், பர்டூ, நார்த் டகோட்டா போன்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே பறக்கும் பயிற்சியையும் நடத்துகின்றன. வேறு பல இடங்களில் வகுப்பு பல்கலைக்கழகத்தில் நடக்கும், பறப்பது ஒப்பந்தம் போட்ட தனியார் பயிற்சிப் பள்ளியில். இரண்டாவது வகை மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் விமானம் பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது என்பது அங்கே கொஞ்சம் குழப்பமாகவே இருக்கும்.

அடுத்து, எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள்? இதை இப்போதே யோசிக்க வேண்டும். 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் முதல் இணைப்புதான் உலகம் முழுக்க விமானி லைசென்ஸுக்கு அடிப்படை. வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறத்தல், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் படித்தால் 150 மணி நேரம் என்ற குறைந்தபட்ச அளவு அதில்தான் இருக்கிறது. நாடுகள் இதற்கு மேலும் கேட்கலாம். ஒரு நாட்டில் வாங்கிய லைசென்ஸை இன்னொரு நாட்டு லைசென்ஸாக மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் தேர்வும் மெடிக்கலும் மறுபடி உண்டு.

பட்டத்தால் லைசென்ஸுக்கு நேரடி ஆதாயம் கிடைக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற இளங்கலை விமானப் படிப்பை உரிய முறையில் முடித்தவர்களுக்கு அது 1000 ஆகக் குறையும். நீங்கள் பார்க்கும் படிப்புக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

படி 2: மெடிக்கல்

என் கதையைத்தான் படித்துவிட்டீர்களே, இந்தப் படியில் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

உங்களுக்கு வேண்டியது கிளாஸ் ஒன் மெடிக்கல், அதாவது தொழில்முறை விமானிகளுக்கான மருத்துவச் சான்றிதழ். பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்கு கிளாஸ் டூ போதும். சேர்க்கையின்போது கிளாஸ் டூ இருந்தால் போதும் என்று சில இடங்களில் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போவது கிளாஸ் ஒன்னுக்கே போங்கள். மூன்றாம் ஆண்டில் 'உங்களால் தொழில்முறை விமானி ஆக முடியாது' என்று தெரிய வருவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டர் இந்தச் சான்றிதழைத் தர முடியாது. லைசென்ஸ் தரப்போகும் ஆணையம் அங்கீகரித்த விமான மருத்துவரிடம்தான் போக வேண்டும். கண், காது, ரத்தம், சிறுநீர், இசிஜி, பழைய நோய்கள், மனநலம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்ற பேச்சை இன்னும் எத்தனை பேர் நம்புகிறார்களோ! சர்வதேச விதிப்படி கண்ணாடியுடனோ கண்ணாடி இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் சரி. கண்ணாடி போடுபவர் பறக்கும்போது கையில் மாற்றுக் கண்ணாடி ஒன்று வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறப் பார்வை விஷயம் வேறு. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா தட்டுகளைக் காட்டுவார்கள். அதில் தடுமாறினாலும் கதை முடிந்துவிடாது, மேல்நிலைப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள், நாளும் உடனே கிடைக்காது. சந்தேகம் இருந்தால் சாதாரணக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே இந்தத் தட்டுகளைப் படித்துப் பாருங்கள். சில நிமிட வேலை. நான் அதைச் செய்திருந்தால் ஒரு வருடம் மிச்சம்.

பரிசோதனைக்குப் போகும்போது கண்ணாடிச் சீட்டு, பழைய அறுவை சிகிச்சை அறிக்கைகள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துப் போங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். காதைப் பிளக்கும் இசையை இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

முக்கியமாக, எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, மன அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை என எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் கூடுதல் அறிக்கை கேட்பார்கள், சில மாதம் தள்ளிப் போகலாம், சில சமயம் மறுக்கவும் செய்யலாம். மறைத்துப் பின்னால் வெளியே வந்தால் கையில் இருக்கும் லைசென்ஸே போய்விடும்.

இளம் வயதினருக்கு கிளாஸ் ஒன் பொதுவாக 12 மாதம் செல்லும். ரொம்ப முன்னாலேயே எடுத்தால் வகுப்பு தொடங்கும் நேரத்தில் காலாவதியாகி நிற்கும். சேர்க்கை முடிவதற்கு நான்கைந்து மாதம் முன்னால் எடுத்தால், மேல்நிலைப் பரிசோதனை தேவைப்பட்டாலும் தாங்கும்.

படி 3: காகிதங்கள்

மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்று. கணிதமும் இயற்பியலும் பல இடங்களில் கட்டாயம். எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் முன்னெழுத்து, இன்னொன்றில் விரித்து எழுதிய பெயர் என்றால் இப்போதே திருத்துங்கள். பின்னால் லைசென்ஸ், விசா, பாதுகாப்புச் சரிபார்ப்பு எல்லா இடத்திலும் இதே தொல்லை தொடரும்.

மொழித் தேர்விலும் இரண்டு உண்டு. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்றவை பல்கலைக்கழகத்துக்கு. சர்வதேசப் பறத்தலுக்கு வேண்டிய விமான ஆங்கிலத் தேர்வு தனி. 1 முதல் 6 வரையான அளவில் குறைந்தது 4 வேண்டும். அது பயிற்சிக் காலத்தில் வரும், இப்போது கவலை வேண்டாம்.

படி 4: நீங்களும் அவர்களைக் கேள்வி கேளுங்கள்

இடம் கிடைத்தால் போதும் என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

- ஓடும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள், எத்தனை மாணவர்கள்?
- போன இரண்டு தொகுதி மாணவர்கள் உண்மையில் எத்தனை மாதத்தில் முடித்தார்கள்?
- குறைந்தபட்ச மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் எவ்வளவு?
- நடுவில் மெடிக்கல் தகுதி போய்விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? பறக்காத வேறு பட்டத்துக்கு மாற முடியுமா?

மூன்றாவது கேள்விதான் பணப்பையைத் தொடுவது. விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் குறைந்தபட்ச மணி நேரத்துக்கானது. குறைந்தபட்சத்தில் முடிப்பவர்கள் குறைவு. மழை, காற்று, விமானப் பழுது என்று இடைவெளி விழுந்தால் கை மறந்துபோகும், அதை மீட்க இன்னும் சில மணி நேரம் பறக்க வேண்டிவரும். ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் பெரும்பாலும் இந்தக் கட்டணத்தில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டச் சொல்லும் இடத்தில் நான் சேர மாட்டேன். பயிற்சிப் பள்ளிகள் திடீரென்று மூடப்படுவது புதிதல்ல.

படி 5: நோக்கக் கடிதம்

'சிறு வயதிலிருந்தே வானத்தைப் பார்த்து வியந்தேன்' என்று தொடங்காதீர்கள். வந்து குவியும் கடிதங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும்.

முடிந்தால் ஒரு முறை பயிற்றுநருடன் அறிமுகப் பறத்தல் போய் வாருங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு எழுத விஷயம் தானாக வரும். நான் இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது எழுதியது கிட்டத்தட்ட இப்படி: 'எஞ்சினைக் கிளப்பும் முன் பயிற்றுநர் செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படித்தார். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கு அது எதற்கு என்று கேட்டேன். அதனால்தான் என்றார்.' வியப்பைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. நேர்முகத்தில் அவர்கள் முதலில் கேட்டதே இந்த இடத்தைப் பற்றித்தான்.

படி 6: திறனறித் தேர்வும் நேர்முகமும்

எல்லா இடத்திலும் தேர்வு இருக்காது. இருந்தால் பைலாப்ட், கம்பாஸ் போன்ற கணினித் தேர்வாக இருக்கலாம். ஒரு கையால் புள்ளியை நடுவில் நிறுத்திக்கொண்டே, காதில் விழும் எண்களுக்குப் பதில் சொல்வது மாதிரியான வேலை. மனக்கணக்கைத் தீட்டி வையுங்கள். 120 நாட் வேகம், அதாவது மணிக்கு 120 நாட்டிக்கல் மைல் (கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 2 நாட்டிக்கல் மைல், அப்படியானால் 50 மைலுக்கு 25 நிமிடம். மூன்று டிகிரி சரிவில் இறங்கினால் மைலுக்குச் சுமார் 300 அடி, அப்படியானால் 9000 அடி இறங்க 30 மைல். தினமும் பத்து நிமிடம் இப்படிப் போட்டுப் பழகினால் போதும்.

நேர்முகத்தில் 'நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்' என்ற கேள்வி ஏறக்குறைய நிச்சயம். தவறே செய்ததில்லை என்பவரையும், பழியை அடுத்தவர் மேல் போடுபவரையும் அவர்களுக்குப் பிடிக்காது. எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னீர்கள், பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

படி 7: இப்போது படிவம்

சரி, இனி படிவத்தைத் திறக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பில் சேர்வது ஒன்று, பறக்கும் பயிற்சியில் இடம் பிடிப்பது இன்னொன்று. முதல் கடிதம் வந்ததும் கொண்டாடிவிட்டு இரண்டாவது படிவத்தை விட்டவர்கள் உண்டு. கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், பறக்கும் பயிற்சிக்கான இடங்கள் வகுப்பறை இடங்களைவிடக் குறைவு.

வெளிநாட்டில் படிக்கப் போனால், விசா கிடைத்த பிறகும் பறக்கும் பயிற்சி தொடங்கும் முன் தனிப் பாதுகாப்புச் சரிபார்ப்பு இருக்கலாம். அமெரிக்காவில் அது கட்டாயம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே அதற்கு மனுப் போடுங்கள். அப்படியே மெடிக்கல் சான்றிதழை எடுத்து, அதில் போட்டிருக்கும் கடைசித் தேதியையும் வகுப்பு தொடங்கும் தேதியையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.