“முதல் தவணையை நானே கட்டிடறேன்”: இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் செய்கிற தவறு அன்றைக்கே வெளியே தெரிவதில்லை. பாலிசி கேட்டு விண்ணப்பிக்கும் புரொபோசல் படிவத்தில் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் எழுதினாலும் பாலிசி வந்துவிடும், கமிஷனும் வந்துவிடும். க்ளெய்ம் வருகிற நாளில்தான் கம்பெனி அந்தப் பதிலை உற்றுப் பார்க்கும். அப்போது அடிபடுவது பெரும்பாலும் ஏஜென்ட் அல்ல, நாமினியாக வந்து நிற்கும் மனைவியோ பிள்ளையோதான். ஏஜென்ட் ஆவதற்கான ஐசி-38 தேர்வுக்குப் படித்து மறந்துபோன விதிகளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியது அவர்களுக்காகத்தான்.

உடல்நலக் கேள்விகள்

இருப்பதிலேயே பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. “சுகர் இருக்காண்ணே?” என்று ஏஜென்ட் கேட்கிறார். “ரெண்டு வருஷமா காலையில ஒரு மாத்திரை போடறேன், மத்தபடி ஒண்ணுமில்லப்பா” என்கிறார் கடைக்காரர். “அத எழுதினா மெடிக்கல் கேப்பாங்க, பிரீமியம் ஏறும், விடுங்க” என்று ‘இல்லை’ கட்டத்தில் டிக் விழுகிறது. அரை நிமிட வேலை.

இன்ஷூரன்ஸ் சட்டம், 1938-இன் 45ஆம் பிரிவு ஆயுள் பாலிசிக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் கம்பெனி அந்த பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. 2015 திருத்தத்தில் வந்த மாற்றம் இது. இதைப் பாதி புரிந்துகொண்டு, “மூணு வருஷம் ஓட்டிட்டா போதும்” என்று தைரியம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று ஆண்டுக்குள் மரணம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. முக்கியமான நோயை மறைத்தது தெரிந்தால் கம்பெனி க்ளெய்மை நிராகரிக்கலாம். மோசடி இல்லை, தகவல் மறைப்புதான் என்று முடிவானால் கட்டிய பிரீமியமாவது 90 நாளுக்குள் திரும்பி வரும். மோசடி என்றால் அதுவும் இல்லை.

பலர் கவனிக்காத இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது. மூன்று ஆண்டை பாலிசி வழங்கிய நாளிலிருந்து மட்டும் எண்ணுவதில்லை; ரிஸ்க் தொடங்கிய நாள், நின்றுபோன பாலிசிக்கு மறுபடி உயிர் கொடுத்த நாள், ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பு) சேர்த்த நாள் என்று எது கடைசியோ அதிலிருந்து எண்ண வேண்டும். பத்து வருஷம் ஓடிய பாலிசி, தவணை கட்டாமல் லேப்ஸ் ஆகி, அதை ரிவைவல் செய்தால், அதாவது மறுபடி உயிர் கொடுத்தால், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ரிவைவலுக்குக் கொடுக்கும் உடல்நல உறுதிமொழிப் படிவத்தில் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று இப்போது தெரியும்.

ஹெல்த் பாலிசியில் இந்தக் காலம் 60 மாதம். 2024-க்கு முன் எட்டு ஆண்டாக இருந்தது. மோசடி நிரூபணமானால் 60 மாதத்துக்குப் பிறகும் கேள்வி வரும்.

சரி, மாத்திரை போடுகிறவருக்கு என்ன சொல்வது? உள்ளதை எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், டாக்டர் பரிசோதனை கேட்கலாம். ஆனால் க்ளெய்ம் நிற்கும். வாடிக்கையாளருக்குப் புரியாத மொழியில் படிவம் இருந்தால் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டுங்கள். தமிழில் கையெழுத்திட்டாலோ கைநாட்டு வைத்தாலோ, “விளக்கிச் சொன்னேன்” என்று இன்னொருவர் கையெழுத்திடும் பகுதி படிவத்திலேயே இருக்கிறது. அதை விளக்காமல் நிரப்புவது பொய்ச் சான்று கொடுப்பதுதான்.

தள்ளுபடி

“அவர் ஒரு தவணை விட்டுத் தர்றார், நீங்க எவ்வளவு தருவீங்க?” வாடிக்கையாளர் வாயிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத ஏஜென்ட் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். மார்ச் மாதம் வந்துவிட்டால் இன்னும் அதிகம். அதே இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து பங்கு கொடுக்கக் கூடாது, முதல் தவணையைத் தானே கட்டக் கூடாது. அதைப் பரிசுப் பொருளாக மாற்றிக் கொடுத்தாலும் அதே கதைதான். 2015 திருத்தம் இதற்கான அபராதத்தை 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. வாங்குகிறவருக்கும் இந்தத் தடை பொருந்தும். புரொபோசல் படிவத்தில் இந்தப் பிரிவு அச்சிட்டே வருகிறது. அதைக் காட்டி, “இது உங்களையும் சேர்த்துதான் சார்” என்று சொல்லிவிட்டால் பேரம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கம்பெனியின் கட்டண அட்டவணையிலேயே உள்ள சலுகைகள், அதாவது ஆண்டுத் தவணைக்கோ பெரிய காப்பீட்டுத் தொகைக்கோ தரும் குறைப்பு, இதில் வராது.

சட்டத்தை விடுங்கள். தள்ளுபடிக்காக பாலிசி போட்டவர் இரண்டாம் ஆண்டு பிரீமியம் கட்டுவது அபூர்வம். ஏஜென்ட்டுக்கும் அதில் மிச்சம் எதுவும் இல்லை.

கையில் வாங்கும் பணம்

அதே சட்டத்தின் 64விபி பிரிவின்படி, வாங்கிய பிரீமியத்தைக் கமிஷன் கழிக்காமல் முழுசாக 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் சேர்க்க வேண்டும். வங்கி, தபால் விடுமுறைகள் மட்டும் இதில் கழியும். அதற்கு முன், பிரீமியம் வாங்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு எல்.ஐ.சி. வழக்கு இதற்காகவே தெரிந்திருக்க வேண்டியது. பாலிசிதாரரிடம் ஏஜென்ட் பிரீமியத்துக்கான காசோலை வாங்கினார். பாலிசிதாரர் விபத்தில் இறந்த பிறகுதான் பணம் எல்.ஐ.சி.க்குப் போனது. பிரீமியம் வசூலிக்க ஏஜென்ட்டுக்கு அதிகாரம் இல்லை, எனவே அவரிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாகாது என்றது நீதிமன்றம். ஏஜென்ட்டை நம்பிக் கொடுத்த குடும்பத்துக்கு அந்த பாலிசிகள் உதவவில்லை. இன்றைக்குப் பாலிசிதாரரின் போனிலிருந்தே ஒரு நிமிடத்தில் கட்டலாம். வயதானவர்கள் என்றால் கூட உட்கார்ந்து கட்ட வைத்து, ரசீதை அவர்கள் போனுக்கே வரச் செய்யுங்கள்.

அந்த போன் நம்பரிலும் ஒரு தவறு நடக்கிறது. “ஓடிபி எனக்கே வரட்டும், ஈஸி” என்று ஏஜென்ட் தன் நம்பரையும் மெயிலையும் படிவத்தில் போட்டுவிடுகிறார். அப்புறம் பிரீமியம் நினைவூட்டலும் லேப்ஸ் அறிவிப்பும் அவருக்கே போகின்றன. பாலிசி ஆவணம் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. ஆவணம் வந்ததே தெரியாதவர் அதை எப்படிப் பயன்படுத்துவார்?

வெள்ளைத் தாளும் வாட்ஸ்அப்பும்

“வருஷம் ஒரு லட்சம், பதினைஞ்சு வருஷத்துல முப்பது லட்சம் கேரண்டி” என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். கம்பெனி தரும் பலன் விளக்கப் பட்டியலில் வருமானம் 4 சதவீதம், 8 சதவீதம் என்று வைத்துப் போட்ட இரண்டு கணக்கு இருக்கும். அவை அனுமானங்கள். உத்தரவாதம் எது, போனஸைப் பொறுத்தது எது என்று விரல் வைத்துக் காட்டி, அந்தப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். நீங்களே செய்த போஸ்டரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் விளம்பரம்தான். கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். கம்பெனி கொடுத்த படத்தை மாற்றாமல் போடுவது பாதுகாப்பு.

அடிக்கடி வரும் சில கேள்விகள்

எத்தனை கம்பெனி ஏஜென்சி வைத்துக்கொள்ளலாம்? ஆயுள் காப்பீட்டில் ஒன்று, பொதுக் காப்பீட்டில் ஒன்று, ஹெல்த் மட்டும் விற்கும் கம்பெனியில் ஒன்று. எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர் ஸ்டார் ஹெல்த் ஏஜென்சியும் வைத்திருப்பதில் தவறில்லை. இரண்டாவது ஆயுள் கம்பெனிதான் கூடாது. மனைவி பெயரில் ஏஜென்சி எடுத்துக் கணவர் தொழில் பார்ப்பது ஊருக்கு ஊர் இருக்கிறது. நியமனம் யாருக்கோ அவர்தான் தொழில் செய்ய வேண்டும், அவருக்குத்தான் கமிஷன். பழக்கம் என்பதால் அது சரியாகிவிடாது.

கமிஷன் எவ்வளவு என்று கேட்டால்? சொல்லத்தான் வேண்டும். நடத்தை விதி அப்படித்தான் சொல்கிறது.

பழைய பாலிசியை நிறுத்திவிட்டுப் புதியது போடச் சொல்லலாமா? நிறுத்த வைத்து, மூன்று ஆண்டுக்குள் தன் மூலம் புதியது எடுக்க வற்புறுத்துவதை விதிகள் தடுக்கின்றன. புதிய பாலிசியில் வயது கூடியிருக்கும், 45ஆம் பிரிவின் மூன்று ஆண்டும் புதிதாகத் தொடங்கும்.

க்ளெய்ம் வாங்கித் தந்ததற்குப் பணம் கேட்கலாமா? கூடாது. துக்க வீட்டில் அதைக் கேட்பது மனசாட்சிக்கும் ஒவ்வாது. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிட உதவுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும், 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அங்கே எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. புகாரில் குடும்பத்தினரே கையெழுத்திட வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது புரொபோசல் படிவத்தின் நகலையும் ரசீதுகளையும் தேடி எடுத்துக் கொடுப்பது.